ஒத்தைக் கண்ணுக்கு நேரான செவுரு

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு அந்தப் பக்கம் ஆவாது. அந்தக் கம்பியைப் பாருங்க, ரெண்டு நூல் சாஞ்சிருக்கு. நூலுன்னா எங்க கணக்குல அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. கோயம்புத்தூர் வரைக்கும் அதையே பாத்துக்கினு என்னால போவ முடியாது. நீங்க எங்க, சேலமா? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நிம்மதியா வருவீங்க. கண்ணு பழகிட்டவனுக்குத்தான் கஷ்டம்.

நான் கொத்து வேலை. மேஸ்திரி. பேரு கலியபெருமாள். விழுப்புரத்துல எறங்கி வெறும் கலியபெருமாள்னு கேட்டீங்கன்னா எவனுக்கும் தெரியாது. தூக்குக்குண்டு கலியபெருமாள்னு கேக்கணும். நூல்ல கட்டித் தொங்கவுடுவாங்க இல்ல, செவுரு நேரா நிக்குதான்னு பாக்க, இரும்புக் குண்டு, அது. இடுப்புல எப்பவும் இருக்கும். கல்யாண வூட்டுக்குப் போனாக்கூட இருக்கும். இருவத்தெட்டு வருஷத்துல நான் கட்டுன செவுரு ஒண்ணுகூட ஒரு நூல் சாஞ்சதில்ல. சும்மா சொல்லல. வூட்டுக்காரங்க எத்தினி பேரு இஞ்சினீரைக் கூட்டிக்கினு வந்து வெச்சுப் பாத்திருக்காங்க தெரியுமா? ஒருத்தன் வாயைத் திறந்ததில்ல.

இப்ப அந்தக் குண்டு என்கிட்ட இல்ல. அதை வாங்கத்தான் கோயம்புத்தூர் போறேன். என் பொண்டாட்டியும் அங்கதான் இருக்கா. அது வேற. நான் போறது குண்டுக்காக.

கேளுங்க சார், உங்களுக்கும் பொழுது போவும்.

பாண்டிச்சேரியில துறைமுகத்துக்கிட்ட ஒரு பழைய குடோன் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச இஞ்சினீரு ஒருத்தரு போன் பண்ணி, அங்க ஒரு அம்மா கண்காட்சி வெக்கிறாங்க, குடோனுக்குள்ள ஒரு ரூம் கட்டணும், சின்ன வேலை, கண்ணும் கருத்துமா செய்யிற ஆளு வேணும்னு கேட்டாரு. கண்ணும் கருத்தும்னா நம்மதான. போனேன். மிருதுளான்னு பேரு. முப்பது வயசு இருக்கும். கிராப்பு வெட்டிக்கினு, பேன்ட் போட்டுக்கினு. வெளிநாட்டுல படிச்சதாம். நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லக் கூடாது. மேஸ்திரி, மேஸ்திரின்னு மரியாதையாத்தான் பேசும். கடைசி வரைக்கும் மரியாதையாத்தான் பேசுச்சு. அதான் எனக்கு ஆத்திரம்.

பிளானைப் பிரிச்சுது. பாத்தா எனக்குத் தலை சுத்துது. ஒரு மூலை கிட்ட இருக்கு, எதுத்த மூலை பன்னெண்டடி தள்ளிப் போயிருக்கு. தரை இந்தக் கோடியில மேடு, அந்தக் கோடியில ரெண்டடி பள்ளம். பின்பக்கத்துச் செவுரு குறுக்கால கோணிக்கினு போறது பத்தாதுன்னு, மேல போவப் போவ உள்ளாற வேற சாயுது. சன்னலு ஒருபக்கம் ஒசரம், ஒருபக்கம் குட்டை.

"மேடம், வரையறப்போ பேப்பரு நவுந்துடுச்சா?"ன்னு கேட்டேன்.

"இல்ல மேஸ்திரி. அப்படித்தான் வேணும். எதுவுமே நேரா இருக்கக் கூடாது"ன்னுச்சு.

வெளிய பலகை அடிச்சு அதுல ஒரு ஓட்டை போடுமாம். வர்றவங்க ஒரு கண்ணை மூடிக்கினு, ஒத்தைக் கண்ணால அந்த ஓட்டையில பாக்கணுமாம். பாத்தா ரூம் சதுரமா, சாதாரணமாத் தெரியுமாம். ஆனா உள்ள ஆளு போயி தள்ளி இருக்குற மூலையில நின்னா குழந்தை மாதிரி ஆயிடுவானாம். கிட்ட இருக்குற மூலையில நின்னா தலை விட்டத்துல இடிக்குமாம். பாத்து முடிச்சிட்டு அவங்களும் உள்ள போயி நடக்கணுமாம். அப்பத்தான் அவங்களுக்கே தெரியுமாம், தாங்க பாத்த ரூமு அங்க இல்லவே இல்லன்னு.

"எதுக்கும்மா இது?"ன்னு கேட்டேன்.

"தன் கண்ணையே நம்பிக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்காக"ன்னுச்சு.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு சார். கண்ணை நம்பாமத்தான நாங்க காலங்காலமா குண்டு தொங்கவுடுறோம்? அதுக்கு ஒரு ரூமு கட்டணுமா? ஆனா வெளிய சொல்லல. வேலை குடுக்கறவங்ககிட்ட சிரிக்கக் கூடாது.

அஞ்சலாட்சியும் கூட இருந்தா. என் பொண்டாட்டி. இருவத்திரண்டு வருஷமா என்கிட்டதான் சித்தாளு. சாந்து கலக்குவா, செங்கல்லு எடுத்துக் குடுப்பா, தலையில சட்டி தூக்கிக்கினு மூணு மாடி ஏறுவா. எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. நான் நாலாவதோட நின்னுட்டேன். அதனால பிளான்ல இருக்குற அளவையெல்லாம் அவதான் படிச்சுச் சொல்வா, நான் கட்டுவேன். வேற எதுவும் அவளுக்குத் தெரியாது. கொத்துக் கரண்டியைத் தொட வுட்டதில்ல. எங்க வேலையில பொம்பளைங்க கரண்டி புடிக்கிறதில்ல சார், அது வழக்கம்.

அன்னைக்குப் பாத்தா பிளானைக் கையில வாங்கிக்கினு திருப்பித் திருப்பிப் பாக்கறா. அந்தம்மாவைக் கேள்வி மேல கேள்வி கேக்கறா. "மேடம், தரைக் கோடும் விட்டத்துக் கோடும் ஓட்டைக்கு நேரா வந்து சேருதே, அதனாலதான் நேராத் தெரியுமா?"ன்றா. அந்தப் பொண்ணு அப்படியே கீழ குந்திக்கினு, சுண்ணாம்புக் கட்டியால தரையில கோடு போட்டு அரை மணி நேரம் இவளுக்கு விளக்கம் சொல்லுது. பெரியவங்க வூட்டுப் பொண்ணுங்களுக்குப் பொழுது போவணும். "ஏ அஞ்சலாட்சி, சாந்து காயுது, போயி வேலையைப் பாரு"ன்னு நான்தான் கெளப்புனேன்.

மூணாம் நாளு அந்தம்மா டெல்லிக்குப் பூட்டா. பன்னெண்டு நாளு ஆவும், அளவு மாத்தாம கட்டி வைங்கன்னு சொல்லிட்டுப் போனா.

இப்ப என் நெலமையை நெனைச்சுப் பாருங்க சார். உங்க வேலை என்னா? பேங்கா? உங்ககிட்ட ஒருத்தரு வந்து, கூட்டலைத் தப்பாப் போட்டுக் குடுங்கன்னா போடுவீங்களா? கை வருமா? மொத நாளு மொத வரிசை செங்கல்லு வெச்சேன் அவங்க சொன்னாப்புல. சாயங்காலமே எடுத்துட்டேன். ஊர்ல வேற மேஸ்திரிங்க இருக்கானுங்க. எவனாவது நாளைக்கு டிக்கெட் வாங்கிக்கினு உள்ள வந்து பாத்து, "இது யாரு கட்டுனது?"ன்னு கேட்டா? இருவத்தெட்டு வருஷத்துப் பேரு ஒரு ரூமுல போயிடும் இல்ல?

ஒண்ணு சொல்றேன். பிளான்ல தப்பு வர்றது எங்களுக்குப் புதுசில்ல. இஞ்சினீருங்க ஆபீஸ்ல உக்காந்து போடறது. படிக்கட்டு போற எடத்துல வாசக்காலு வரும், கக்கூஸு கதவு திறந்தா செவுத்துல முட்டும். அதுக்காக அவங்களைப் போயி கேள்வி கேக்கறதில்ல. பிளான்ல தப்பு இருந்தா சொல்லிக்காட்டாம வேலையில சரி பண்ணிடணும். அதுதான் மேஸ்திரிக்கு அழகு. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவனுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கேன். அஞ்சலாட்சிகிட்டயும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்.

அதைத்தான் பண்ணேன். தரையை ரசமட்டம் வெச்சு சமமாப் போட்டேன். செவுத்தைக் குண்டு வெச்சு நேரா ஏத்துனேன். அம்சமா ஒரு ரூமு சார். குடி வெச்சா குடித்தனமே பண்ணலாம்.

அஞ்சலாட்சி மொதல்ல முணுமுணுத்தா. "இந்தாய்யா, அந்தம்மா குடுத்துட்டுப் போன அளவு வேற"ன்னா.

"நீ சட்டியை எடு"ன்னேன்.

எடுத்தா. அடங்கிட்டான்னு நெனைச்சேன்.

இதுக்குள்ள எங்க ஊரு திரௌபதி அம்மன் கோயில்ல தீமிதிக்குக் காப்புக் கட்டுற நாளு வந்துருச்சு. வருஷா வருஷம் நான் எறங்குறவன். காப்புக் கட்டிட்டா ஊரு எல்லையைத் தாண்டக் கூடாது, பத்து நாளு. செவுரு ஏறியாச்சு, இனிமே பூச்சும் பெயின்டும்தான். "நீயும் கெளம்பு"ன்னேன் இவகிட்ட. "நான் இங்கயே இருந்து ரெண்டு கொத்தனாரையும் வெச்சு மீதியைப் பாத்துக்கறேன்யா. உனக்கு உன் தங்கச்சி வூட்டுல சோறு. சாமி காரியம், நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத"ன்னா. எனக்கு நெஞ்சு குளுந்துருச்சு சார். யாரு பொண்டாட்டி இப்படிச் சொல்லுவா?

அந்தத் தடவை தீயில எறங்குறப்ப இடது கால்ல ஒரு கொப்புளம். எனக்குக் கொப்புளமே வந்ததில்ல. அப்பவே யோசிச்சிருக்கணும்.

என்னா கண்டக்டரே, உளுந்தூர்பேட்டையில நிக்குமா நிக்காதா? டீ குடிக்கணும். நிக்காதா? சரி வுடு.

காப்பு அவுத்துட்டு பாண்டிக்குப் போறேன். அந்தம்மா டெல்லியில இருந்து வந்தாச்சு. கோவமா இருக்கும்னு நெனைச்சா, சிரிக்குது. "வாங்க மேஸ்திரி, உங்க ரூமைப் பாருங்க"ன்னுச்சு. பெயின்டு அடிச்சு, தரையில கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு, சன்னலுக்குத் திரை கட்டி, பிரமாதம். கதவுக்கிட்ட போனேன். "உள்ள போவாதீங்க, தரை காயல. இந்த ஓட்டையில பாருங்க"ன்னுச்சு. ஒத்தைக் கண்ணை வெச்சுப் பாத்தேன்.

சார், நேரு. அப்படி ஒரு நேரு. நாலு மூலையும் மூலைமட்டம் வெச்ச மாதிரி. தரை பலகை கணக்கா. செவுரு கோயில் தூணு கணக்கா. எனக்கு அந்த எடத்துலயே கண்ணு கலங்கிடுச்சு. பாத்தியா, நேராக் கட்டுனதும் அந்தம்மாவுக்கே புடிச்சுப் போச்சு, தன் தப்பை ஒத்துக்கிட்டு கம்முனு பெயின்டு அடிச்சிருச்சு, படிச்சவங்க படிச்சவங்கதான்னு நெனைச்சேன். திரும்பி அஞ்சலாட்சியைப் பாத்தேன். அவ தரையைப் பாத்துக்கினு நின்னா. கையில அங்கங்க சிமென்டு அரிச்ச புண்ணு. புருஷன் வேலையைப் பாத்துப் பெருமை தாங்காம தலை குனிஞ்சிருக்கான்னு எடுத்துக்கிட்டேன்.

தெறப்பு விழாவுக்குப் புது வேட்டி எடுத்தேன். நல்ல கரை போட்டது. வெள்ளைச் சட்டை. ஒரு பெரிய அதிகாரியம்மா வந்தாங்க, பேப்பர்காரங்க வந்தாங்க, வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேரு. மிருதுளாம்மா மைக்கைப் புடிச்சிக்கினு, "இதைக் கட்டினவங்கதான் மொதல்ல உள்ள நிக்கணும்"னு சொல்லி, என்னையும் அஞ்சலாட்சியையும் கைகாட்டுச்சு. எல்லாரும் கை தட்டுறாங்க. பக்கத்துக் கதவு வழியா உள்ள வுட்டாங்க. என்னை இடது மூலைக்குப் போங்கன்னாங்க, அவளை வலது மூலைக்கு. நடந்தேன். காலு எறக்கத்துல போவுது. பெயின்டு வழுக்குதுன்னு நெனைச்சேன். நெனைச்சுக்கினே போனேன். போறேன், போறேன், மூலை வர மாட்டேங்குது.

போயி நின்னேன். வெளிய ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஓட்டையில பாத்துட்டு ஒரே சிரிப்பு. அந்த அதிகாரியம்மா ஓட்டையில கண்ணை வெச்சிக்கினு சொல்றாங்க, எனக்கே கேக்குது, "அடடா, மேஸ்திரி அவர் சம்சாரம் இடுப்புக்குக்கூட வரலையே"ன்னு.

இருங்க, போட்டோ இருக்கு. நான் எடுத்தது இல்ல, கட்டிக்குடுத்த எம்பொண்ணு எங்கயோ பாத்துட்டு அனுப்புச்சு, தேடணும். இந்தாங்க. கண்ணாடி கீறல் வுட்டிருக்கு, இப்படிச் சாச்சுப் பாருங்க. விட்டம் இடிச்சிக்கினு தலையைக் குனிஞ்சு நிக்கிறா இல்ல, அது அஞ்சலாட்சி. அந்த மூலையில குட்டியா நிக்கிறது எங்க வூட்டுப் பையனான்றீங்களா? இல்ல சார். பையன் இல்ல. அது நான்தான்.

ஆம்பளைக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. அவ வேற சிரிக்கறா. இருவத்திரண்டு வருஷத்துல அவ அப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததில்ல. போட்டோவுலயே பல்லு தெரியுது பாருங்க.

எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. லைட்டுல ஏதோ பண்ணிட்டாங்க, என் ரூமுக்கு ஒரு கொறையும் கெடையாதுன்னு காட்டிடணும்னு தோணிச்சு. அவ நிக்கிற மூலைக்கு ஏறிப் போனேன். ஏறித்தான் போனேன், மூச்சு வாங்குச்சு, அப்பவும் எனக்கு ஒறைக்கல. "எல்லாரும் பாருங்க. இந்த ரூமுல ஒரு கோணல் கெடையாது. நான் கட்டுனது"ன்னு சத்தமா சொல்லிட்டு இடுப்புல இருந்து குண்டை எடுத்தேன். அந்த மூலையில விட்டம் தாழ்வு, கையி எட்டுச்சு. பின்பக்கத்துச் செவுத்துல நூலை வெச்சு வுட்டேன். கதவுக்கிட்ட கூடிட்ட பேப்பர்காரங்க எல்லாரும் கேமராவைத் தூக்கிட்டாங்க.

குண்டு எறங்குச்சு. ஆடுச்சு. நின்னுச்சு.

மேல நூலு செவுத்தைத் தொட்டுக்கினு இருக்கு. கீழ குண்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சாணு. என் கையி முழுசா உள்ள போயி வருது சார். ரெண்டு தடவை வுட்டுப் பாத்தேன். அந்தக் குண்டு பொய் சொல்லாது. என் வாழ்க்கையில அது பொய் சொன்னதே இல்ல.

வெளிய கைத்தட்டல். நிக்கவே மாட்டேங்குது. இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதின்னு நெனைச்சிட்டாங்க. மிருதுளாம்மா ஓடி வந்து, "மேஸ்திரி, எடுக்காதீங்க, அப்படியே வுடுங்க, எனக்கு இது தோணவே இல்லையே"ன்னு சொல்லி, அங்கயே ஆணி அடிச்சு என் குண்டைத் தொங்கவுட்டுருச்சு. சாயங்காலத்துக்குள்ள பக்கத்துல ஒரு அட்டை, 'தொடாதீர்கள்'னு. மறுநாளு போயி என் குண்டை நான் தொட்டதுக்கு அங்க நின்ன செக்யூரிட்டி என் கையைத் தட்டிவுடறான்.

விழா முடிஞ்சதும் அஞ்சலாட்சியை எதுத்தாப்புல டீக்கடைக்கு இழுத்துக்கினு போனேன்.

"எவன் என் செவுத்தை இடிச்சான்?"

"நான்தான்யா"ன்னா. டீயை ஆத்திக்கினே சொல்றா. "அந்தம்மா டெல்லியில இருந்து வந்து பாத்துட்டு அப்படியே குந்திக்கினு அழுவுது. ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கு, நாளும் குறிச்சாச்சு. பாக்க முடியல. பத்து நாளு இருக்குது மேடம், நான் கட்டித் தர்றேன், எங்க ஆளுகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னேன். இடிச்சோம், கட்டுனோம்."

"கட்டுனோம்னா? கரண்டி புடிச்சியா நீ?"

"புடிக்காம? சாஞ்ச செவுரு கட்டணும்னா கொத்தனாருங்களுக்குக் கையி வர மாட்டேங்குது. அவங்க உங்கிட்ட கத்துக்கிட்டவங்க. அளவு பாத்து நான்தான் வெச்சேன்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அதுக்கு அவ ஒண்ணு சொன்னா சார். அதைச் சொல்லலாமா வேணாமான்னு தெரியல. சரி, நீங்க சேலத்துல எறங்கிடுவீங்க. "மத்தியானம் சாப்டுட்டு ஒரு மணி நேரம் கண்ணசருவ இல்ல, அப்ப உன் இடுப்புல இருந்து குண்டை எடுத்து, நீ காலையில ஏத்துன செவுத்துல தொங்கவுட்டுப் பாப்பேன். சாஞ்சிருந்தா ஈரம் காயறதுக்குள்ள தட்டி நேர் பண்ணிடுவேன். இருவத்திரண்டு வருஷமா பண்றேன்"ன்னா.

"இத்தினி வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லிக்காட்டாம வேலையில சரி பண்றதுதான் அழகுன்னு நீதானய்யா சொல்வ"ன்னா. குத்திக் காட்டுற மாதிரி கூட சொல்லல. சாதாரணமா சொல்லிட்டு டீயைக் குடிச்சா.

பொய் சார். சுத்தப் பொய். ஆத்திரத்துல பொம்பளைங்க நாலும் சொல்லுவாங்க. நான் என்னா அம்மாம் நேரமா தூங்குவேன்? இடுப்புல இருக்குற குண்டை எடுக்கறது தெரியாத அளவுக்கா? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னா, வேணாம், அந்தக் கணக்கு நமக்கு எதுக்கு.

கண்காட்சி முடிஞ்சுது. அதே மாதிரி கோயம்புத்தூர்ல ஒரு பழைய பஞ்சாலையில இன்னும் பெருசா, ஏழு ரூமு கட்டப் போவுதாம் அந்தம்மா. யாரைக் கூப்புடணும், மொறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல? மேஸ்திரியைத்தான? என்கிட்ட வந்து ரொம்ப மரியாதையா, "மேஸ்திரி, அஞ்சலாட்சி அக்காவை மேஸ்திரியா கூட்டிட்டுப் போறேன், உங்களுக்கு சம்மதமா?"ன்னு கேக்குது. நான் அஞ்சலாட்சி மூஞ்சியைப் பாத்தேன். அவ, "போவட்டுமாய்யா?"ன்னா. கேள்விதான். ஆனா பெட்டி கட்டியாச்சு, கட்டிலுக்குக் கீழ இருந்ததை நான் காலையிலயே பாத்துட்டேன். "நான் அனுப்பி வெக்கிறேன்"னு சொன்னேன். நான்தான் அனுப்பி வெச்சேன் சார், அதை நீங்க மனசுல வெச்சிக்கணும். குண்டையும் எடுத்துக்கினு பூட்டாங்க.

ரெண்டு மாசம் ஆவுது.

நடுவுல பக்கத்து ஊரு கெடாருல ஒரு காம்பவுண்டு செவுரு எடுத்தேன். முடிச்சு நிமுந்து பாத்தா அரை அங்குலம் சாஞ்சிருக்கு. அரை அங்குலம்னா நாலு நூலு. வூட்டுக்காரன் ஒண்ணும் சொல்லல, ஆனா பாத்தான். அந்தப் பார்வையை நான் எங்க போயிச் சொல்ல? குண்டு இல்லாம கட்டுனா யாரு கட்டுனாலும் சாயும். புதுசா ஒண்ணு வாங்கலாமேன்றீங்களா? வாங்குனேன். புதுக் குண்டு வெச்சுத்தான் அந்தச் செவுத்தையே கட்டுனேன். அது சரியில்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்.

வூடு வேற ஒரு மாதிரி ஆயிப்போச்சு சார். ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு. என் கையால கட்டுனது. மூலைக்கு மூலை எனக்கு அளவு தெரியும். இப்பப் பாத்தா அடுப்பு எங்கயோ தூரத்துல இருக்கு. எழுந்து போயி தண்ணி மொண்டு குடிக்கறதுக்குள்ள காலு ஓய்ஞ்சு போவுது. போன வாரம் டேப்பை எடுத்து அளந்தே பாத்துட்டேன். பத்துக்குப் பன்னெண்டு. கட்டுனப்ப என்னா அளவோ அதேதான் இருக்கு. உங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு, அவ இல்லாம எனக்கு ஆவல சார். சோத்துக்குச் சொல்லல, சோறு நானே ஆக்கிக்கிறேன். வேலைக்குப் போயி மத்தியானம் சாப்டுட்டு படுக்கிறேன், தூக்கம் வர மாட்டேங்குது. கண்ணை மூடிக்கினு காத்திருக்கிறேன். எதுக்குன்னு தெரியல.

முந்தாநாளு அவளே போன் பண்ணா. நான் பண்ணல. வேணும்னா போனைக் காட்டுறேன். "எப்படிய்யா கீற?"ன்னா. "எனக்கென்னா"ன்னேன். "நான் அங்க வர்றேன், என் குண்டை வாங்கிக்கினு போவ"ன்னேன். "வா. இங்க ஆளு பத்தல, தெறப்பு விழாவுக்கு இருவது நாளுதான் இருக்குது. வர்றப்ப டியூப் லெவலு எடுத்துக்கினு வா"ன்னா. தண்ணி ஊத்தி மட்டம் பாக்கற குழா அது. கேட்டீங்களா? ஆளு பத்தலன்னு அவளே ஒத்துக்கிட்டா. என்னாதான் மேஸ்திரின்னு பேரு வெச்சுக்கிட்டாலும் ஏழு ரூமை அவளால தூக்கி நிறுத்த முடியுமா? அனுபவம்னு ஒண்ணு இருக்கு இல்ல? அதான் கூப்புடறா. வாய் விட்டுக் கேக்க வெக்கம். போனவுடனே மொதல்ல எல்லாச் செவுத்தையும் ஒரு சுத்து பாத்துடணும்.

தோ, சேலம் ஊருக்குள்ள நுழைஞ்சிருச்சு போல. பையை எடுத்துக்கங்க. இல்ல இல்ல, அது என் பை. அதுலதான் டியூப் லெவலு இருக்கு.

எறங்குறதுக்கு முன்னால உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தலையில சட்டி தூக்கறவங்க துணியைச் சுருட்டி சும்மாடு வெச்சிக்குவாங்க இல்ல? அதுவும் ஒண்ணு எடுத்துக்கினு வான்னு சொன்னா. அவ சும்மாட்டுத் துணி பரண்ல இருக்கு, இருவத்திரண்டு வருஷம் வெச்சது, அதையே எடுத்தாறேன்னேன். "அது சின்னது, பத்தாது. உன் வேட்டி ஒண்ணுல பாதியைக் கிழிச்சுச் சுருட்டி எடுத்துக்கினு வா. கெட்டியாச் சுருட்டு, மொத மொத தூக்கறப்ப உச்சந்தலை வலிக்கும்"னா. வேற நல்ல வேட்டி இல்ல, விழாவுக்குக் கட்டுன அந்தக் கரை வேட்டியைத்தான் கிழிச்சேன். இந்தப் பையிலதான் இருக்கு.

அவதான் இப்ப மேஸ்திரியாச்சே சார், சட்டியே தூக்கறதில்ல. அப்பறம் இது யாரு தலைக்கு? ரெண்டு நாளா யோசிச்சிக்கினு இருக்கேன், ஒண்ணும் புடிபடல. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு ஏதாவது தோணுதா?

என்னாத்துக்கு சார் சிரிக்கிறீங்க? பாத்து எறங்குங்க, படிக்கட்டு ஒரு பக்கம் சாஞ்சிருக்கு.